விரலைப் பார், படத்தைப் பார்க்காதே

போன ஆவணியில் ராஜபாளையத்து மண்டபம் ஒன்றில் மாப்பிள்ளை ஒருவர் ஒரே பெண்ணுக்கு ஒரே தாலியை மூன்று தடவை கட்டியிருக்கிறார். முதல் தடவை வீடியோக்காரரின் கேமரா ஓடவில்லையாம். இரண்டாவது தடவை பெண்ணின் அத்தை குறுக்கே வந்து மறைத்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் வீடியோக்காரர் விரலை ஆட்டியிருக்கிறார். எங்கள் நாயன செட்டுக்காரர்களும் சளைக்காமல் மூன்று கெட்டிமேளம் கொட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே, எனக்குப் பிறகு தவில் வாசிக்க வந்த முருகேசன் போன் செய்தான்.

"அண்ணே, ஒங்க காலத்துல இப்படிக் கூத்து நடந்துருக்கா?"

"என்னலே என் காலம்? போன வருசம் வரைக்கும் நான்தானே வாசிச்சேன்!" என்று சத்தம் போட்டு போனை வைத்துவிட்டேன். தோள்பட்டை தேய்ந்துபோய் தவிலை இறக்கி வைத்தவனிடம் 'உங்கள் காலம்' என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதைவிடப் பெரிய கூத்து என் கையாலேயே நடந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு பிரெஞ்சுப் படம். முருகேசனுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேத்தூர். பெயர் மாடசாமி. தவில் படித்த கதையை எழுதினால் அது அடி வாங்கிய கதையாகத்தான் இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். படித்து முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் சண்முகம் அண்ணாச்சியின் நாயன செட்டில் சேர்ந்தேன், கடைசி வரை அங்கேயே இருந்தேன்.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாயனத்தில் செருகுகிற சீவாளியைத் தண்ணீரில் நனைத்துவிட்டால் அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்து பேச மாட்டார். மாப்பிள்ளையின் அப்பாவே வந்து நலம் விசாரித்தாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவார். எங்களுக்கு உத்தரவு எல்லாம் புருவத்தில் வரும். இடது புருவம் ஏறினால் மெதுவாக, வலது புருவம் ஏறினால் வேகமாக. இரண்டும் சேர்ந்து ஏறினால் எவனோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். அந்த எவன் பெரும்பாலும் நான்தான். சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. யாராவது வந்து "அண்ணாச்சி, புதுப்பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க" என்றால், சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்ப்பார். கேட்டவர் கூச்சப்பட்டு எழுந்து போன பிறகுதான் மறுபடி மாட்டுவார்.

தவில்காரனுக்குக் கல்யாணத்தில் முக்கியமான வேலை வாசிப்பது அல்ல, பார்ப்பது. மேடையில் பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் எப்போது மேலே போய் ஆடும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது ஆடியதும் கெட்டிமேளம் விழுந்துவிட வேண்டும். தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ, ஒரு அபசகுனச் சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தானே அந்தச் சத்தமே. இந்த விரலுக்கும் எனக்கும் நடுவில் சொந்தபந்தம் எல்லாம் நிற்கும். போட்டோக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் போட்டோக்காரரின் அக்குள் வழியாக விரலைப் பார்க்கப் பழகியிருந்தேன். அது ஒரு தனிப் படிப்பு, அதில் வாசனையும் உண்டு.

சேர்ந்த புதிதில் கூமாப்பட்டியில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாத்தா மேடையில் நின்று விரலைத் தூக்கி ஆட்டினார். நான் கொட்டினேன். மாப்பிள்ளை கொஞ்சம் பயந்த சுபாவம். சத்தம் கேட்ட நொடியில் தட்டிலிருந்த தாலியைத் தானே எடுத்துக் கட்டிவிட்டார். ஐயர் அப்போதுதான் தேங்காய் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். விசாரித்ததில், தாத்தா விரலை ஆட்டியது மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லியாம். இரண்டு வீட்டாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி எல்லோரையும் விலக்கிவிட்டு என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"வெரலத் தூக்குனது பெரியவர்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப ஒன் மேல தப்பில்ல. வெரல் யாருதுன்னு மட்டும் பாரு. எதுக்குத் தூக்குறாவன்னு யோசிக்காத. நீ யோசிக்கிற நேரத்துல எவனாவது தும்மிருவான்."

அன்றிலிருந்து நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். கை தானாகவே வேலையைப் பார்த்துக்கொண்டது. இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சி வீட்டிலேயே ஒரு கல்யாணப் பேச்சு வந்தது.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், மீனா. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறாள். கூட வேலை பார்க்கும் அருள் என்பவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். அப்பா அம்மா இல்லை, தாத்தாதான் வளர்த்தார். அந்தத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்களாம். பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மீனாவின் பிரெஞ்சைக் கேட்டுக் கை தட்டினார். பால்கோவாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெண்ணின் அப்பா நாயனக்காரர் என்று தெரியும் வரைக்கும்.

"நாயனம்னா, கூடத் தவிலும் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்குங்க, இவன்தான்" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார். நான் பெருமையாகக் கும்பிட்டேன். பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ நான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன காரணம் என்று யார் கேட்டும் சொல்லவில்லை. ஒரு கல்யாணம் என் முகத்தைப் பார்த்து நின்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மீனா என்னிடம் வந்து அழுதாள். "சித்தப்பா, அவிய தாத்தா தன் கையால நிச்சயத் தட்ட வாங்குனாத்தான் அவிய சம்மதிப்பாவ. தாத்தாவ மீறி ஒண்ணும் செய்ய மாட்டாவ. நானும் கேக்க மாட்டேன்" என்றாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்கு அந்தத் தவிலைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றிருந்தது.

அருள் கெஞ்சிக் கூத்தாடியதில் பெரியவர் ஒரு வழிக்கு வந்தார். நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன், ஆனால் தட்டு மாற்றுவதற்கு முன்னால் எல்லோரும் என்னோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். படம் முடியும்போது மனசு ஒத்துக்கொண்டால் தட்டை வாங்குவேன், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். தவில் சத்தம் கூடவே கூடாது. இவைதான் நிபந்தனைகள். படம் என்னவென்றால், யுத்த காலத்தில் பிரான்சில் எடுத்த ஆட்டபாட்டப் படம். ஸ்விங் என்று ஒரு சங்கீதமாம், படம் முழுக்க அதுதானாம். பாரீசில் இருந்த நாளில் அவரும் அவர் மனைவியும் பழைய படம் போடுகிற கொட்டகையில் அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தார்களாம். மனைவி காலமாகிவிட்டார், படம் பென் டிரைவில் இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு மண்டபம் பிடித்தோம். திரைக்கு வேட்டியைக் கட்டலாம் என்றார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கும் மீனாவின் தாய்மாமா கோபால், "வேட்டி எதுக்கு? நான் கொண்டாறேன்" என்று காயத்துக்குக் கட்டும் வலைத்துணியை இரட்டையாகத் தைத்துக் கொண்டுவந்து மேடையில் தொங்கவிட்டார். படம் துணியைத் தாண்டிப் பின்பக்கமும் தெரிந்தது. பின்னால் சமையல்கட்டு. அதனால் சமையல்காரர்களும் பார்க்க முடிந்தது, அவர்களுக்கு மட்டும் எல்லாம் இடவலம் மாறி. கோபால் அதோடு நிற்கவில்லை. நேரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, வாசலிலேயே எல்லோர் கையிலும் அட்சதையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கூட்டம் மொத்தமும் கையில் மஞ்சள் அரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுப் படம் பார்க்க உட்கார்ந்தது.

படத்துக்கு முன்னால் பெரியவர் எழுந்து பேசினார். "இந்தப் படம் எடுத்தப்போ அந்த ஊரே எதிரி கையில இருந்துச்சு. ரொட்டிக்கு வரிசையில நின்ன காலம். அப்பவும் ஜனங்க இப்படி ஆடியிருக்காங்க. நல்லாப் பாருங்க" என்றார். எனக்கு அவர் மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகிக்கு ஸ்விங் பைத்தியம். தலைமுடியைக் குருவிக்கூடு மாதிரி தூக்கி வைத்திருந்தாள். அவள் அப்பாவுக்கு அந்தச் சங்கீதம் பிடிக்கவில்லை. முழங்கால் வரை கோட்டுப் போட்ட இளவட்டங்கள் கையில் விரிக்காத குடையோடு சுற்றினார்கள். "மழ வரப்போவுது போல" என்றார் எனக்குப் பின்னால் இருந்த ஆச்சி. பெரியவர் உரக்க மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். ஆனால் எப்போதும் ஒரு காட்சி பின்தங்கியே வந்தார். அப்பா கோபிக்கும்போது, "இப்போ அவ முத்தம் கேக்குறா" என்பார். கூட்டம் அப்பாவைப் பார்த்துத் திகைக்கும்.

பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் சமையல்கட்டில் யாரோ தேங்காய்ச் சட்னி ஆட்டுவதற்குப் பெரிய கிரைண்டரை ஆம்ப்ளிஃபயர் இருந்த லைனிலேயே சொருகிவிட்டார்கள். 'டப்' என்றது. ஸ்பீக்கரில் புகை வந்தது. படம் ஓடியது, சத்தம் போய்விட்டது. திரையில் ஒரு பாண்டு வாத்தியக் கூட்டமே கன்னத்தை உப்பிக்கொண்டு மௌனமாக ஊதிக்கொண்டிருந்தது. படம் போட வந்த வீடியோக்காரர் ஒயரை எல்லாம் பிடுங்கிச் சொருகிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

பெரியவர் தொப்பியை எடுத்தார். "சத்தம் இல்லாம ஸ்விங் என்னாத்துக்கு? இது நடக்காதுன்னு எழுதியிருக்கு. அருள், கிளம்பலாம்" என்றார். அருள் எழுந்தார், ஆனால் நகரவில்லை. மீனா அழவில்லை, தன் அப்பாவை மட்டும் பார்த்தாள்.

அண்ணாச்சி சீவாளியை எடுத்து நனைத்தார். வாசிக்கக் கூடாது என்றாலும் பழக்கதோஷத்தில் நாயனமும் தவிலும் எங்களோடு வந்திருந்தன, நானும் தவிலை மடிக்கு இழுத்தேன். சினிமாவுக்கு வாசிக்காத மனிதர், மகளுக்காக வாசிக்கப் போகிறார். திரையில் இருந்த டிரம்ஸ்காரரின் கால் எப்படித் தட்டுகிறது என்று செத்த நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். வலது புருவம் ஏறியது.

கதனகுதூகல ராகத்தில் எடுத்தார் பாருங்கள். திரையில் ட்ரம்பெட்காரரின் கன்னம் உப்பினால் இவரும் ஊதினார், அந்தக் கன்னம் வற்றினால் இவரும் நிறுத்தினார். அந்தப் பெண் வாயைத் திறந்து பாடினால் நாயனம் குழைந்தது. அவள் அப்பா கோபித்தால் நாயனமும் கோபித்தது. நான் தவிலைத் தட்டவே இல்லை, விரலில் மாட்டும் கூட்டால் தோலைத் தடவிக்கொண்டிருந்தேன். தூங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல அவ்வளவு பதமாக. பெரியவர் வாசல் வரை போனவர் நின்றார். பிறகு திரும்பி வந்து, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார். அவர் கால் கட்டைவிரல் செருப்புக்குள் ஆடியது. பார்ப்பதுதானே என் தொழில், பார்த்துவிட்டேன்.

எல்லாம் கூடி வருகிற சமயத்தில் படத்தில் ஒரு பெரிய ஆட்டம் வந்தது. அந்த இளவட்டங்கள் மொத்தமாக மேடையேறி, ஆள்காட்டி விரலை உயரத் தூக்கி ஆட்டி ஆட்டி ஆட ஆரம்பித்தார்கள். ஸ்விங் ஆட்டம் அப்படித்தானாம். எனக்கு அது யார் சொன்னது? ஒரு திரை முழுக்க விரல்கள். என் இடது கை கழியோடு எழுந்தது. வலது கையால் அதைப் பிடித்து அமுக்கினேன். கழியைப் பிடுங்கித் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்கு இரண்டு புருவமும் ஏறி மண்டைக்குள் போய்விட்டன. நான் மட்டுமா? கூட்டத்திலும் கைகள் எழுந்து எழுந்து தாழ்ந்தன. ஒரு பெரியம்மா ஒரு சிட்டிகை அரிசியைப் போட்டே விட்டார். "ஏட்டி, அது படம்!" என்று பக்கத்திலிருந்தவர் கையைத் தட்டிவிட்டார். இவர்கள் எல்லாம் சின்னப்பயல்கள், பெரியவர்கள் இல்லை, இந்த விரல் கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பெரியவர் எழுந்தார். அவருக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, திரைக்கு முன்னால் போய், முட்டியை மடக்கி மடக்கி அந்தப் படத்து ஆட்களோடு சேர்ந்து ஆடினார். அழகாக ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு வலது கையை மேலே தூக்கி விரலை ஆட்டினார். அது நிழலாகத் திரையில் விழுந்து பனைமர உயரத்துக்கு ஆடியது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். மேடை. விரல்.

கழியை எப்போது உருவினேன் என்று எனக்குத் தெரியாது. கெட்டிமேளம் விழுந்தது. அவ்வளவு நேரம் தடவித் தடவி அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து விழுந்தது. கூட்டம் அரிசியை அள்ளி எறிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சமையல்கட்டிலிருந்து "கெட்டிமேளம் கொட்டியாச்சு, எலயப் போடுங்கலே!" என்று ஒரு குரல் கேட்டது, வடை எண்ணெயில் விழுகிற சத்தமும் கேட்டது. பாதிக் கூட்டம் பந்திக்கு இடம் பிடிக்க ஓடியது. தெலுங்கு பேசும் மண்டப மேனேஜர் "பாபோய்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியவர் தூக்கிய விரலோடு அப்படியே நின்றார். தொப்பி இல்லாத தலையில் மஞ்சள் அரிசி. "என்னாய்யா இது? நான் ஆடினேன்யா!" என்றார்.

அண்ணாச்சி சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். "ஐயா, எங்களுக்கு ஆட்டமும் தெரியாது, சினிமாவும் தெரியாது. பெரியவுக வெரலத் தூக்குனா கொட்டுவோம், அம்புட்டுதான் தெரியும். ஒங்களுக்கு மனசில்லன்னா சொல்லிருங்க. அரிசிய நாங்களே கூட்டி அள்ளிக்கிடுதோம்." கடைசி வார்த்தைகளில் அவர் குரல் உடைந்துவிட்டது. அத்தனை காலத்தில் அவர் ஒரு சுருதி பிசகி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவர் நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று தவிலைக் குறுக்கே பிடித்தேன்.

"நீ அடிக்கும்போது அந்தப் பொண்ணு அருள் காதுல என்னமோ சொல்லிச்சு. நான் பார்த்தேன். என்னா சொல்லிச்சு?"

"ஏன் கேக்கிய ஐயா?"

"என் கல்யாணத்துலயும் இப்படித்தான். தாலி கட்டும்போது என் பொண்டாட்டி என்னமோ சொன்னா. தவில் சத்தத்துல கேக்கல. புதுப் பொண்ணு முதமுதலா என்கிட்ட சொன்ன பேச்சு. அப்புறம் எத்தினி தடவை கேட்டும் சிரிப்பாளே தவிர, சாகுற வரைக்கும் சொல்லல. தவில்காரங்களை எனக்கு எப்படிப் பிடிக்கும்?"

இவ்வளவுதானா என்று இருந்தது. தவில்காரன் ஆயுசு முழுக்கப் பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். காது அடைத்துப் போனதால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கப் பழகியவன். தாலி ஏறும்போது பெண்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"ஐயா, முக்காவாசிப் பேரு 'முடில மாட்டிக்கிச்சு, இழுக்காதீங்க'ம்பாவ. சிலபேரு காலு மரத்துப்போச்சும்பாவ. வேற பெருசா ஒண்ணும் இருக்காது" என்றேன்.

"இந்தப் பொண்ணு?"

"எனக்கு ரொம்பப் பசிக்கின்னு சொல்லுச்சு. நீங்க யோசிக்கணும்னு சொன்ன நாள்லருந்து அது சரியாச் சாப்பிடல."

பெரியவர் என்னையே பார்த்தார். "அவளும் பசி தாங்கவே மாட்டா" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தவிலின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "பசியா இருக்கும்! பசியேதான்!" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். சிரித்து முடித்துத் திரும்பி, "எங்கய்யா தட்டு?" என்றார்.

கோபால் இரண்டு வீட்டுத் தட்டுகளோடும் ஓடி வந்தார். பெரியவர் மீனாவின் தலையிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, அண்ணாச்சியின் கையிலிருந்து தட்டை வாங்கித் தன் வீட்டுத் தட்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முன்னாடி ஆடினது. இப்போ வேணும்னே தூக்குறேன். அடி."

விரல் மேலே போனது. அடித்தேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெரியவர் திரும்பி, திரையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. நான் அவர் உதட்டையே பார்த்தேன். நல்ல நீளமான பேச்சு, ஆனால் மனுசன் பிரெஞ்சில் சொல்லிவிட்டார்.